மார்கழிப் பனியில் ஒரு கேனோ ராத்திரி

போன சனிக்கிழமை கடலூரிலிருந்து எட்டு பேர், நான்கு கேனோ, அதாவது ஒல்லியான துடுப்புப் படகு. பிச்சாவரத்துக்குப் பக்கத்தில், கிள்ளையில் தெரிந்தவர் தென்னந்தோப்பில் கூடாரம்.

குளிர் என்ன பெரிய குளிர், போனில் 21 டிகிரிதான். ஆனால் துடுப்புத் தண்ணீர் சொட்டி நனைந்த லுங்கியோடு உப்பங்காற்றில் உட்கார்ந்து பாருங்கள், தெரியும்.

அடுப்புக்குச் சுள்ளி பொறுக்கப் போன தம்பி, கரையோரம் ஒரு கிளையை ஒடிக்கப் போனான். தோப்புக்காரர் ஓடி வந்து கையைத் தட்டிவிட்டார். "தில்லைடா அது! பால் கண்ணுல பட்டா பார்வையே போயிடும்." சிதம்பரத்துக்குத் தில்லை என்று பேர் வாங்கிக் கொடுத்த அதே மரம். வருஷா வருஷம் ஆருத்ராவுக்குப் போகிற எனக்கும் அடையாளம் தெரியவில்லை என்பது வேறு விஷயம்.

ராத்திரி நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. அதைப் பற்றி எழுதினால் பதிவு முடியாது.

விடிகாலையில் கூடாரத்தின் உள்பக்கம் முத்து முத்தாக நீர், எல்லாம் நாங்கள் விட்ட மூச்சு. வெளியே வந்தால் நான்கு கேனோவும் சேற்றில் கிடக்கின்றன, தண்ணீர் இருபதடி தள்ளி நிற்கிறது. ஆறு மணி நேரம் ஏறும், ஆறு மணி நேரம் வற்றும் என்று முந்தின நாள் பாடம் எடுத்தது நான்தான். முழங்கால் சேற்றில் இறங்கி இழுத்தோம். என் ஒற்றைச் செருப்பு இன்னும் அங்கேதான் இருக்கிறது.