கால் வீக்கத்துக்கு வல்லாரை: எவ்வளவு நம்பலாம், எங்கே நிறுத்தணும்

வல்லாரை என்றாலே நம் வீடுகளில் ஞாபகசக்திதான். பிள்ளைகளுக்குத் தேர்வு நெருங்கினால் துவையல் அரைத்துக் கொடுப்போம், அதோடு சரி. ஆனால் இதே கீரையின் சாரத்தை ஐரோப்பாவில் ரொம்ப நாளாகவே வேறொரு காரியத்துக்கும் பயன்படுத்துகிறார்கள். காலில் இரத்தம் தேங்கி, கணுக்கால் வீங்கி, நரம்பு சுருட்டிக்கொண்டு நிற்கிறதே, அதற்கு. என் அம்மாவுக்கு அந்தத் தொல்லை இருப்பதால் தேடித் தேடிப் படித்தேன், மருந்தாளரிடமும் கேட்டேன். வாட்ஸ்அப்பில் வருவதை நம்பி மாத்திரை வாங்குகிறவர்கள் நம்மிடையே நிறையப் பேர் இருப்பதால் தெரிந்ததை இங்கே எழுதிவிடுகிறேன்.

அம்மா பள்ளி உணவகக் கடையில் நாள் முழுக்க நின்றே வேலை பார்த்தவர். சாயங்காலம் காலுறையைக் கழற்றினால் ரப்பர் பதிந்த இடம் பள்ளமாகத் தெரியும், விரலால் அழுத்தினால் குழி விழும், அந்தக் குழி மெதுவாகத்தான் மேலே வரும். இதயத்திலிருந்து காலுக்கு இரத்தம் இறங்குவது எளிது, திரும்ப மேலே ஏறுவதுதான் கஷ்டம். கெண்டைக்கால் தசை இறுகி இறுகி அதை மேலே தள்ளவேண்டும், தள்ளியது கீழே வழியாமல் இருக்க இரத்தக் குழாய்க்குள் சின்னச் சின்னத் தடுப்பிதழ்கள் இருக்கின்றன. மணிக்கணக்கில் அசையாமல் நிற்கிறவர்களுக்கும், பிள்ளை பெற்றவர்களுக்கும், வயதானவர்களுக்கும் அந்த இதழ்கள் தளர்ந்துபோய் சரியாக மூடுவதில்லை. இரத்தம் கீழே தேங்குகிறது, அழுத்தம் கூடி நீர் வெளியே கசிகிறது, கால் கனக்கிறது.

வல்லாரையில் ஏசியாட்டிகோசைட், மேடகாசோசைட் போன்ற சில பொருள்கள் உண்டு. இவை தளர்ந்த குழாய்ச் சுவரில், அதற்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரதம் உருவாவதற்கு உதவுகின்றன, நுண்குழாய்களிலிருந்து நீர் கசிவதைக் குறைக்கின்றன என்பதுதான் இதன் பின்னால் உள்ள விளக்கம். ஒரு நாளைக்கு 60 முதல் 120 மில்லிகிராம் வரை, அளவு சரிபார்த்த சாரத்தைச் சில வாரங்கள் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் கனமும் கணுக்கால் வீக்கமும் குறைந்ததாக எழுதியிருக்கிறார்கள். 2013ல் மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்த ஆய்வுகளை எல்லாம் ஒன்றாக வைத்து அலசிவிட்டு, பயன் இருக்கலாம், ஆனால் ஆய்வுகளின் விவரங்கள் போதுமான அளவு பதிவாகவில்லை, அதனால் நிதானமாகவே எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். என் கருத்தும் அதேதான். கனம் கொஞ்சம் குறையலாம். சுருண்ட நரம்பு நேராகாது, கெட்டுப்போன தடுப்பிதழ் திரும்ப வராது. யாராவது அப்படிச் சொல்லி விற்றால் வாங்காதீர்கள். மருத்துவர் அளவெடுத்துக் கொடுக்கும் அழுத்தக் காலுறை, தினசரி நடை, உட்காரும்போது காலை உயர்த்தி வைப்பது, இந்த மூன்றும் செய்யும் வேலைக்கு மாற்றாக எந்த இலையும் எனக்குத் தெரியவில்லை.

இனி பாதுகாப்பு. ஊரிலிருந்து வந்த உறவினர் ஒருவர் அம்மாவுக்கு வல்லாரை மாத்திரை கொண்டுவந்து கொடுத்தார். நான் தயங்கினதும் அம்மா கேட்டார், "கீரைதானேம்மா, இதுல என்ன வந்துடப் போகுது?" போத்தலைத் திருப்பிப் பார்த்தேன், சாரம் எத்தனை மில்லிகிராம் என்றே போடவில்லை. கீரையாக வாரம் ஒன்றிரண்டு முறை சாப்பிடுவது வேறு, சாரத்தை மாத்திரையாக்கி மாதக்கணக்கில் விழுங்குவது வேறு. 2005ல் ஸ்பெயின் மருத்துவ இதழ் ஒன்றில், வல்லாரை மாத்திரை எடுத்த மூன்று பெண்களுக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதைப் பதிவு செய்திருக்கிறார்கள், நிறுத்தியதும் சரியாகியிருக்கிறது. அபூர்வம்தான், ஆனாலும் ஏற்கனவே கல்லீரல் கோளாறு உள்ளவர்களும், காசநோய் மருந்து போலக் கல்லீரலைச் சோதிக்கிற மருந்து சாப்பிடுகிறவர்களும் மாத்திரைப் பக்கமே போகவேண்டாம். கர்ப்பிணிகளும்தான். தூக்க மாத்திரையோடு சேர்ந்தால் மயக்கம் கூடலாம்.

நான் ரொம்பக் கவலைப்படுவது இரத்தத்தை நீர்க்கச் செய்யும் மருந்து சாப்பிடுகிறவர்களைப் பற்றித்தான். வார்ஃபரின் எடுப்பவர்கள் எந்தக் கீரையையும் ஒரே சீரான அளவில் சாப்பிடவேண்டும். ஒரு வாரம் கட்டுக்கட்டாக, அடுத்த வாரம் ஒன்றுமே இல்லை என்றால், கீரையில் உள்ள வைட்டமின் கே காரணமாக இரத்தப் பரிசோதனை அளவு ஏறி இறங்கும். அதோடு நிற்பதில்லை, சிங்கப்பூரில் எல்லா ஊர் மருந்தும் பக்கத்துப் பக்கத்துக் கடையில் கிடைக்கிறதே! நம்மவர் கடைகள் நிறைந்த தேக்காவில் வல்லாரைப் பொடி, சீன மருந்துக் கடையில் டான்ஷென், டாங் குவெய் என்ற வேர் மருந்துகள், பேரங்காடியில் கிங்கோ இலை மாத்திரை, எல்லாமே "இரத்த ஓட்டத்துக்கு" என்று ஒரே ஆள் வாங்கிப் போகிறார். டான்ஷென்னும் டாங் குவெய்யும் வார்ஃபரினோடு சேர்ந்தால் இரத்தக் கசிவு ஏற்படலாம், இது நன்றாகவே தெரிந்த ஆபத்து.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இங்கே சீனத் தயாரிப்பு மருந்துகளை விற்பதற்கு முன் சுகாதார அறிவியல் ஆணையத்தின் பட்டியலில் சேர்க்கவேண்டும். நம் இந்திய மருந்துகளுக்கும் மலாய் மருந்துகளுக்கும் அப்படி முன் அனுமதி கிடையாது, பாதுகாப்புக்கு விற்பவரே பொறுப்பு. 2008ல் அமெரிக்காவில், இணையத்தில் விற்கும் ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்தபோது ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. அதனால் பெயர் தெரியாத பொடியைவிடப் பச்சைக் கீரை எவ்வளவோ மேல். அதையும் சாக்கடை ஓரத்தில் முளைத்ததைப் பறிக்கக்கூடாது, ஈர மண்ணில் படரும் செடி, மண்ணில் உள்ள உலோகத்தையும் சேர்த்தே உறிஞ்சும். கடையில் வாங்கியதையும் வேரோடு ஒட்டிய கறுப்புச் சேறு போகும்வரை இரண்டு மூன்று தண்ணீர் மாற்றிக் கழுவுங்கள்.

ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கிச் சூடாகி வலித்தால், அதுவும் நீண்ட விமானப் பயணம் முடிந்து வந்தபிறகு என்றால், அது இரத்தக் கட்டியாக இருக்கலாம், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போகணும். கூடவே மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் யோசிக்காமல் 995ஐ அழைத்து ஆம்புலன்ஸ் வரவழையுங்கள். நடந்தால் கெண்டைக்கால் பிடித்து, நின்றால் வலி விடுகிறதா? அது காலுக்கு இறங்கும் குழாயில் அடைப்பாக இருக்கலாம், புகைப்பவர்களுக்கும் நீரிழிவுக்காரர்களுக்கும் அதிகம். அதற்கு வல்லாரையும் உதவாது, மருத்துவரைக் கேட்காமல் இறுக்கமான காலுறை போட்டால் இன்னும் கெடுதல்.

இவ்வளவுக்குப் பிறகும் மாத்திரைதான் வேண்டும் என்றால், அடுத்த முறை பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) போகும்போது போத்தலையே கையோடு கொண்டுபோய் மருந்தாளரிடம் காட்டுங்கள், மற்ற மருந்துகளையும் சேர்த்து. வல்லாரை என்று சொல்லிப் புரியவில்லை என்றால் மலாயில் பெகாகா என்று சொல்லிப் பாருங்கள், தாவரப் பெயர் சென்டெல்லா ஏசியாட்டிகா.