வெலோனியைப் பற்றி எல்லோரும் சொன்னது

2022 டிசம்பரில் ‘வதந்தி’ என்ற வெப் சீரிஸ் வந்தபோது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் ஒரே வேலைதான். இது எந்த ரோடு, அது எந்த மலை என்று கண்டுபிடிப்பது. கதை நடப்பது கன்னியாகுமரி மாவட்டத்தில், விடுவார்களா? கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழாவுக்கு டிசம்பர் 3 உள்ளூர் விடுமுறை வேறு. எட்டு எபிசோடையும் ஒரே மூச்சில் பார்த்துவிட்டு வந்து கதை சொன்னார்கள். நான் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்து, சமீபத்தில்தான் அப்பாவோடு உட்கார்ந்து பார்த்தேன்.

அப்பா ரிட்டயர்டு ஏட்டு. சர்வீஸில் பாதிக்கு மேல் ஸ்டேஷன் ரைட்டர் வேலை. அதனால் எங்கள் வீட்டில் போலீஸ் கதை பார்ப்பது லேசுப்பட்ட காரியமில்லை. பிணத்தருகே எஸ்.ஐ. போய் நின்றதும், “இன்குவெஸ்ட் எழுதுற ஆளு எங்க மக்ளே?” என்று ஆரம்பித்துவிடுவார். பிணத்தைப் பார்த்து எழுதுகிற விசாரணை அறிக்கைதான் இன்குவெஸ்ட். ஸ்டேஷனைக் காட்டினால் பாரா நிற்கிற ஆளைத் தேடுவார்.

பிணத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இல்லை. கொலையான பெண் வெலோனியைப் பற்றி ஆளாளுக்கு ஒரு கதை சொல்கிறார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. சொல்வதோடு விட்டால் பரவாயில்லை. அந்தப் பெண் அப்படியெல்லாம் செய்வதாகவே படம்பிடித்துக் காட்டுகிறார்கள். காதால் கேட்டதை நம்பாமல் இருக்கலாம். கண் பார்த்ததை என்ன செய்ய? அப்புறம் ‘அது பொய்’ என்று தெரியும்போது அந்தக் காட்சி மனசில் உட்கார்ந்துவிட்டது. பார்க்கிறவனையும் வதந்திக்குக் கூட்டாளி ஆக்குவதுதான் நோக்கம் என்று புரிகிறது. புரிந்தும் எரிச்சல் போகவில்லை. 2021 விதிகளின்படி ஓடிடி தொடர்களின் தொடக்கத்தில் வயதுக் குறியீடும், என்ன மாதிரியான காட்சிகள் வரும் என்ற குறிப்பும் போடுகிறார்கள். வன்முறை என்று போடலாம், கெட்ட வார்த்தை என்று போடலாம். இதற்கு என்ன போடுவார்கள்?

நான் ப்ளஸ் டூ படிக்கும்போது பக்கத்து ஊர்ப் பிள்ளை ஒருத்தி குளத்தில் செத்துக் கிடந்தாள். சாயாக்கடையிலும் டவுன் பஸ்ஸிலும் அவளுக்கு எத்தனை காதலன்களை உண்டாக்கினார்கள்! ஒரு நாள் சாயங்காலம் அவளுடைய அம்மா எங்கள் வீட்டு நடையில் வந்து நின்றார். யார் செய்தது, ஏன் செத்தாள் என்று கேட்கவில்லை. “எம்பிள்ளையப் பத்தி என்ன எழுதியிருக்கு ஏட்டையா?” என்றுதான் கேட்டார். அப்பா, “தப்பா ஒண்ணும் எழுதல்ல அம்மா” என்றார். அதையே திரும்பத் திரும்பச் சொல்ல வைத்துவிட்டுத்தான் போனார்.

பாலியல் குற்றத்துக்கு ஆளான பெண் இறந்துபோயிருந்தாலும் பெயரை வெளியிடக்கூடாது என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கற்பனைக் கதைக்கு அது பொருந்தாதுதான். ஆனாலும் தொடரின் முழுத் தலைப்பிலேயே வெலோனி என்று பார்க்கும்போது எனக்கு அந்த அம்மாவின் முகம்தான் வந்தது.

எஸ்.ஜே. சூர்யா செய்த எஸ்.ஐ. விவேக்கை எனக்குப் பிடித்தது, அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. பெண்டாட்டியை மறந்து ஒரே கேஸோடு கிடக்கிறானாம். “அப்ப மண்டைக்காடு கொடைக்கு பந்தோபஸ்து யாரு போவா?”

பொதுவாகவே இந்த வகைத் தொடர்களில் அடித்தால் உண்மை வந்துவிடுகிறது. போலீஸிடம் ஒத்துக்கொண்டது கோர்ட்டில் செல்லாது என்பது வெள்ளைக்காரன் காலத்துச் சாட்சியச் சட்டத்திலேயே உண்டு. அப்பாவும் அதைத்தான் சொன்னார். “அப்ப உங்க ஸ்டேஷன்ல அடிச்சதே இல்லையாப்பா?” என்று கேட்டேன். வால்யூமைக் கூட்டினார்.

2020 ஜனவரியில் களியக்காவிளை சோதனைச் சாவடியில் சிறப்பு எஸ்.ஐ. வில்சனைச் சுட்டுக் கொன்றபோது அப்பா அழுதார். அதே வருடம் ஜூனில் தூத்துக்குடி மாவட்டத்துச் சாத்தான்குளத்தில், கடையைக் கூடுதல் நேரம் திறந்து வைத்திருந்ததாகப் போலீஸ் பிடித்துப்போன ஒரு தகப்பனும் மகனும் அடிபட்டுச் செத்தபோது பேப்பரை மடித்து வைத்துவிட்டார். அன்று டூட்டியில் இருந்த ஒரு பெண் ஏட்டு மாஜிஸ்திரேட்டிடம் நடந்ததைச் சொன்னாரே, அந்தச் செய்தி வந்த பிறகுதான் வாயைத் திறந்தார். “அவளுக்கு இனி அந்த ஸ்டேஷன்ல ஒரு சாயா யாரு வாங்கிக் குடுப்பா?” என்றார்.

அப்படி ஒரு பெண் ஏட்டைக் கதாநாயகியாக வைத்து யாராவது தொடர் எடுக்கட்டும். இன்குவெஸ்ட் எழுத ஆளில்லை என்றாலும் நாங்கள் பார்ப்போம்.