வாக்கு எண்ணும் மேஜையில் முகவராக உட்கார்ந்த அனுபவம்

2021 மே 2, நாகர்கோவில் கோணத்தில் வாக்கு எண்ணிக்கை. குமரி மாவட்டத்துக்கு அது இரட்டைத் தேர்தல். ஆறு சட்டமன்றத் தொகுதிகளோடு, எம்.பி.யாக இருந்த வசந்தகுமார் மறைவால் காலியான நாடாளுமன்றத் தொகுதிக்கும் சேர்த்தே ஓட்டுப் போட்டிருந்தோம். சட்டமன்ற எண்ணிக்கைக்கு நான் முகவர், அதாவது வேட்பாளர் சார்பில் மேஜையில் உட்கார்ந்து எண்ணிக்கையைக் கவனிப்பவன். எந்தக் கட்சி என்பது இங்கே வேண்டாம்.

முகவரை நியமிக்கும் படிவம் 18, போட்டோ எல்லாம் கட்சிக்காரர்களே பார்த்துக்கொண்டார்கள். இழுத்தடித்தது கொரோனா சான்றிதழ்தான். இரண்டு ஊசியும் போட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் 48 மணி நேரத்துக்குள் எடுத்த பரிசோதனையில் நெகட்டிவ் வேண்டும். எங்கள் வயதுக்காரர்களுக்கு அப்போது ஊசியே கிடைக்கவில்லை. மூக்கில் குச்சி விட்டுக்கொண்டு வந்தால், ரிப்போர்ட் வந்து சேரவில்லை. "தம்பி, வந்தாச்சா?" என்று செயலாளர் விடாமல் போன் அடித்தார். தேர்தல் முடிவைவிட இந்த முடிவுக்குத்தான் அன்று ராத்திரி தூக்கம் கெட்டது.

விடிந்தால் ஞாயிறு, முழு ஊரடங்கு. பாஸைக் காட்டிக் காட்டித்தான் போய்ச் சேர்ந்தோம். போன் உள்ளே கொண்டுபோகக் கூடாது. பேனா, தாள், வாக்குப்பதிவு அன்று பூத்தில் வாங்கிவைத்த 17சி (பதிவான ஓட்டுக் கணக்குப் படிவம்) நகல்கள், இவ்வளவுதான் கையில்.

8 மணிக்குத் தபால் வாக்கு, 8.30-க்கு இயந்திரம். 14 மேஜை என்றால் முதல் சுற்றில் 1 முதல் 14 வரையுள்ள பூத்துகள் வரும். மூன்றாம் மேஜைக்காரருக்கு அடுத்தது 17, அப்புறம் 31. கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நாம், அந்தப் பக்கம் அலுவலர்கள். பெட்டியைத் திறந்ததும் கட்டுப்பாட்டுக் கருவியின் (ஓட்டுகள் பதிவாகியிருக்கும் பகுதி) வரிசை எண், சீல் இரண்டையும் 17சி-யோடு ஒத்துப் பார்க்க வேண்டும். பிறகு ரிசல்ட் பொத்தானை அமுக்குவார்கள். முதலில் மொத்த ஓட்டு, அப்புறம் வேட்பாளர் வாரியாக ஒவ்வொன்றாக ஓடும். சுயேச்சைகளும் நோட்டாவும் வருவதால் கண் கொஞ்சம் அசந்தால் ஒரு எண் போய்விடும். கூச்சப்படாமல் மறுபடி காட்டச் சொல்லலாம், காட்டுவார்கள். வாக்குப்பதிவு முடிந்ததும் பூத்தில் குளோஸ் பொத்தானை அமுக்காமல் விட்டிருந்தால் ரிசல்ட்டே வராது. அந்தக் கருவியைத் தனியாக எடுத்து வைத்துவிடுவார்கள்.

வேடிக்கை என்னவென்றால், உள்ளே இருப்பவனுக்குத்தான் ஒன்றும் தெரியாது. வீட்டில் டிவி பார்ப்பவர்களுக்குத் தமிழ்நாடு முழுக்க யார் முன்னிலை என்று தெரியும்; நமக்கு நம் மேஜைதான் உலகம். கடைசியில் குலுக்கலில் எடுத்த ஐந்து பூத்துகளின் விவிபாட் சீட்டுகளையும் (ஒவ்வொரு ஓட்டுக்கும் இயந்திரம் அச்சிடும் சீட்டு) எண்ணி முடித்தபோது, வெளியே போகும் அவசரம் எல்லோர் முகத்திலும் தெரிந்தது.

மாவட்ட முடிவு கலவையாக வந்தது. கன்னியாகுமரியில் அதிமுகவின் தளவாய் சுந்தரம், நாகர்கோவிலில் பாஜகவின் எம்.ஆர். காந்தி, பத்மநாபபுரத்தில் திமுகவின் மனோ தங்கராஜ். குளச்சல், விளவங்கோடு, கிள்ளியூர் மூன்றும் காங்கிரஸுக்கு. நாடாளுமன்றத்துக்கு விஜய் வசந்த்.

எனக்கு உறுத்தியது வேறு. பூத் பூத்தாக எண்ணுவதால் எந்தத் தெரு யாருக்குப் போட்டது என்று அப்பட்டமாகத் தெரிகிறது. கடற்கரை ஊர் பூத் எது, கோயில் தெரு பூத் எது என்று இங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். பல பூத்துகளின் ஓட்டை ஒன்றாகக் கூட்டிக் காட்டும் டோட்டலைசர் கருவிக்குத் தேர்தல் ஆணையம் 2008-லேயே அனுமதி கேட்டது. 2015-ல் சட்ட ஆணையமும் பரிந்துரைத்தது. இந்த எண்ணிக்கையிலும் அது இல்லை.

மறுநாளே உள்ளூர்ப் பொறுப்பாளர் வந்துவிட்டார். "அந்தத் தாளைக் கொஞ்சம் குடு தம்பி, நம்ம தெருவுல எவன் கவுத்தான்னு பாக்கணும்." பூத் வாரியான கணக்கு படிவம் 20-ல் எப்படியும் வெளிவரும், அதில் பார்த்துக்கொள்ளுங்கள் அண்ணாச்சி என்று சொல்லிவிட்டேன். தாளைக் கொடுக்கவில்லை.