எக்ஸ்போர்ட் படுத்தும் பாடு

31 ஆகஸ்ட் 2025, ஞாயிறு

எடிட் பண்ணிய வீடியோவை ஒரே ஃபைலாக வெளியே எடுக்கும் எக்ஸ்போர்ட் வேலையை ராத்திரி பத்து மணிக்குப் போட்டுவிட்டுப் படுத்தேன். காலையில் ஆறு மணிக்கு வந்து பார்த்தால் இன்னும் நாலு சதவீதம் பாக்கி. 2 மணி 40 நிமிடக் கல்யாண வீடியோவுக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல்! இன்டெல் ஐ7-12700 சிப், 32 ஜிபி ராம், ஆர்டிஎக்ஸ் 3060 கிராஃபிக்ஸ் கார்டு என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கிச் சேர்த்த கம்ப்யூட்டர் பெட்டி இது. மார்த்தாண்டத்தில் மழை பிடித்தால் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது, என் யுபிஎஸ் பத்து நிமிடம்தான் தாங்கும், எட்டு மணி நேரம் கரண்ட் போகாமல் இருக்கவேண்டும் என்று ஜெபம் பண்ணித்தான் எடிட்டிங் தொழில் நடத்தவேண்டியிருக்கிறது.

கல்யாணப் பெண்ணின் தம்பி போன் பண்ணினான். "அண்ணே, ஆறாம் தேதி ராத்திரி திருவனந்தபுரத்துல இருந்து ஃபிளைட். போறதுக்குள்ள தந்திருவீங்கல்ல?" பார்த்துவிட்டு இன்னும் திருத்தம் சொல்வார்கள், அது வேறு.

1 செப்டம்பர், திங்கள்

ஒவ்வொரு தடவையும் முழுசாக ஓட்டிப் பார்த்தால் வாரம் முடிந்துவிடும். அதனால் சர்ச்சில் மாலை மாற்றும் இடத்தில் இருந்து பத்து நிமிடத்தை மட்டும் வெட்டி வைத்துக்கொண்டேன். அதை எக்ஸ்போர்ட் பண்ண இன்றைய கணக்கு: 31 நிமிடம். ஃபுட்டேஜ் (கேமராவில் எடுத்த மூல வீடியோ) யுஎஸ்பி ஹார்டு டிஸ்க்கில் கிடப்பதுதான் காரணம் என்று நினைத்து எல்லாவற்றையும் உள்ளே இருக்கும் வேகமான எஸ்எஸ்டி டிஸ்க்குக்கு மாற்றினேன். 30 நிமிடம். சரி, அது இல்லை.

2 செப்டம்பர், செவ்வாய்

எக்ஸ்போர்ட் ஓடும்போதே சூடு, வேகம் எல்லாம் காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ சாஃப்ட்வேரைத் திறந்து வைத்துப் பார்த்தேன். சிபியு (அந்த ஐ7 சிப்தான்) சூடு 100 டிகிரி, வேகம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது. சூடு எல்லையைத் தொட்டால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சிப் தானாகவே வேகத்தைக் குறைக்கும். பக்கத்து மூடியைக் கழற்றி டார்ச் அடித்தால், சிப்பின் மேல் உட்காரும் கூலரின் நாலு பிளாஸ்டிக் பின்களில் ஒன்று போர்டுக்குள் இறங்காமல் மேலேயே நிற்கிறது. சேர்த்துத் தந்த கடைக்காரர் கையில் அழுத்தியதோடு விட்டுவிட்டார் போல. கூலரைத் தூக்கினால், சூட்டைக் கூலருக்குக் கடத்தும் பேஸ்ட் ஒரு பக்கம் சப்பி, மறுபக்கம் போட்டபடியே பொட்டாக இருந்தது. துடைத்து, புதுசு வைத்து, நாலு பின்னும் "டக்" என்று சத்தம் வரும்வரை குறுக்கும் மறுக்குமாக அழுத்தினேன். இப்போது 85 டிகிரி, 24 நிமிடம்.

நல்லதுதான், ஆனால் போதாது. சிபியு இன்னமும் நூறு சதவீதத்தில்தான் ஓடுகிறது.

3 செப்டம்பர், புதன்

நாகர்கோவிலில் எடிட்டிங் பண்ணும் நண்பனிடம் கேட்டேன். "மக்கா, டாஸ்க் மேனேஜர்ல ஜிபியுவைத் திறந்து டீகோட் எவ்வளவு ஓடுதுன்னு பாரு" என்றான். பார்த்தேன். ஜிபியு என்றால் கிராஃபிக்ஸ் சிப்; டீகோட் என்றால் கேமரா சுருக்கி வைத்த வீடியோவை விரித்து வாசிப்பது, என்கோட் என்றால் முடித்த வீடியோவைத் திரும்பச் சுருக்கி எழுதுவது. வீடியோ என்கோட் கொஞ்சம் ஓடுகிறது, வீடியோ டீகோட் சுத்தமாகப் பூஜ்யம். அதாவது எழுதுவதில் தாமதம் இல்லை, வாசிப்பதில்தான். நாங்கள் எடுப்பது ஹெச்.265, 10-பிட், 4:2:2 என்ற, நிற விவரம் அதிகம் வைக்கும் வீடியோ வகை. இந்த வகையை 30 வரிசை ஆர்டிஎக்ஸ் கார்டால் விரிக்க முடியாது, அந்த வேலை மொத்தமும் சிபியு தலையில் விழுகிறது. ஆனால் இன்டெல் சிப்புக்குள்ளேயே இருக்கும் சின்ன கிராஃபிக்ஸ், 11ஆம் தலைமுறையில் இருந்து, இதை விரிக்கும். என் சிப்பில் அது உண்டு, பெயருக்குப் பின்னால் 'எஃப்' இருந்தால்தான் அது இருக்காது, என்னுடையதில் 'எஃப்' இல்லையே! டாஸ்க் மேனேஜரிலோ ஒரே ஒரு ஜிபியுதான் தெரிகிறது. புதுக் கார்டுக்கு விலை விசாரித்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தவனுக்கு எப்படி இருக்கும்?

4 செப்டம்பர், வியாழன்

கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போதே திறக்கும் பயாஸ் அமைப்பில் போய்ப் பார்த்தேன். தனி கார்டு சொருகியதும் உள் கிராஃபிக்ஸ் தானாக அணைந்திருக்கிறது. 'ஐஜிபியு மல்டி மானிட்டர்' என்று ஒரு வரி, அதை எனேபிள் பண்ணி, விண்டோஸில் இன்டெல் டிரைவர் போட்டு, எடிட்டிங் சாஃப்ட்வேரான பிரீமியரின் மீடியா அமைப்பில் இன்டெல் டீகோடிங்குக்கு டிக் வைத்துத் திரும்பத் திறந்தேன். இப்போது இரண்டு ஜிபியு தெரிகிறது. அதே பத்து நிமிடம், எட்டே நிமிடத்தில் முடிந்தது. நம்பாமல் இன்னொரு தடவை ஓட்டினேன்.

5 செப்டம்பர், வெள்ளி

திருவோணம், மாவட்டத்துக்கு லீவு. பக்கத்து வீட்டில் இருந்து அடைப் பிரதமன் வந்தது. சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு எழும்புவதற்குள் முழு வீடியோவும் வெளியே வந்துவிட்டது. 2 மணி 12 நிமிடம். நடுவில் மழை பெய்தது, கரண்ட் போகவில்லை.

6 செப்டம்பர், சனி

பெண்ணின் தம்பி மத்தியானம் பென் டிரைவோடு வந்தான். வீடியோ 19 ஜிபி, டிரைவில் இடம் இருக்கிறது, ஆனாலும் காப்பி ஆகமாட்டேன் என்கிறது. பார்த்தால் டிரைவ் ஃபேட்32 என்ற பழைய முறையில் ஃபார்மேட் ஆகியிருக்கிறது, அதில் ஒரு ஃபைல் 4 ஜிபிக்கு மேல் ஏறாது. ஃபார்மேட் பண்ணட்டுமா என்றேன். "ஐயோ அண்ணே, அதுல அம்மா ஏத்தித் தந்த ஜெபப் பாட்டெல்லாம் கெடக்கு!" பாட்டுகளை என் பெட்டியில் இறக்கி வைத்துவிட்டு, அந்த எல்லை இல்லாத எக்ஸ்ஃபேட்டாக மாற்றி, திரும்பப் பாட்டையும் வீடியோவையும் ஏற்றுவதற்குள் அவன் இரண்டு சாயா குடித்துவிட்டான்.