மச்சில் கிடந்த ஆம்ப்ளிஃபையருக்கு நேரடியாகக் கரண்ட் கொடுக்காதீர்கள்

குளச்சலில் மாமா வீட்டு மச்சிலிருந்து இறக்கிய ஜப்பான் ஆம்ப்ளிஃபையர் இப்போது எங்கள் வீட்டில் ஓடுகிறது. இரண்டு சேனலும் சுத்தமாகக் கேட்கிறது. ரொம்ப சந்தோஷம். ஆனால் இடையில் ஒரு கடையில் நடந்ததை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் வளைகுடாவிலிருந்து வந்த பழைய செட் இல்லாத தெருவே கிடையாது. உங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தால், இதைப் படித்துவிட்டு அப்புறம் பிளக்கைக் கையில் எடுங்கள்.

மாமா சவுதியில் வேலை பார்த்தவர். அங்கே அப்போது பல வீடுகளில் 127 வோல்ட் லைன்தான். நமக்கு 230. ஊருக்கு வந்த பிறகும் மாமா வோல்டேஜைக் குறைக்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்தே இந்தச் செட்டை ஓட்டினார். அவர் போன பிறகு அந்த டிரான்ஸ்ஃபார்மர் ஆக்கர் கடைக்கு, அதாவது பழைய சாமான் கடைக்குப் போய்விட்டது. செட் மட்டும் பாலிதீன் கவரில் இறுக்கிக் கட்டி மச்சில் ஏறிவிட்டது. பத்திரமாக இருக்கட்டும் என்று அத்தை கட்டியதுதான், பாவம். ஆனால் தென்மேற்கு மழை முடிந்தால் வடகிழக்கு மழை, போதாததற்குக் கடற்காற்று. இந்த ஊரில் பாலிதீன் ஈரத்தை உள்ளேயே பூட்டி வைத்துவிடும். பருத்தித் துணி போர்த்தினாலே போதும்.

நாகர்கோவிலில் ஒரு கடையில் கொடுத்தேன். கொடுக்கும்போதே, "ரொம்ப வருஷமா ஓடாம இருந்தது. சீரிஸ் பல்ப் போட்டுப் பாருங்க, பின்னாடி வோல்டேஜ் எதுல இருக்குன்னும் பாத்துக்கோங்க" என்று சொன்னேன். "நாங்க தினமும் பாக்குறதுதான் சார்" என்று சொல்லிக்கொண்டே பிளக்கைச் சொருகி சுவிட்சைத் தட்டிவிட்டார். டப்பென்று ஒரு சத்தம். ஃபியூஸ் குழாயின் கண்ணாடி முழுக்கக் கறுத்துப் போயிருந்தது. அதோடு விட்டாரா என்றால் இல்லை. ஒயரிலிருந்து செம்புக் கம்பியை உருவி ஃபியூஸ் மேல் சுற்றத் தொடங்கினார். ஓடிப்போய்ப் பிளக்கை உருவினேன். செக்கிங் சார்ஜ் என்று பணத்தையும் வாங்கிக்கொண்டுதான் செட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

வீட்டில் வைத்துப் பின்பக்கத்தைத் துடைத்தபோதுதான் விஷயம் தெரிந்தது. குளவி மண்கூடு கட்டி, ஸ்பீக்கர் டெர்மினலிலிருந்து ஒரு மூலை முழுக்க மூடிவிட்டிருந்தது. பழைய டூத்பிரஷ்ஷால் மண்ணைத் தட்டினால் அடியில் வட்டமாக ஒரு வோல்டேஜ் செலக்டர். 110, 120, 220, 240 என்று நான்கு எண்கள். அம்பு 120-ல் நிற்கிறது. 120-ல் இருக்கும் செட்டுக்கு 230 கொடுத்திருக்கிறார் அந்த மனிதர். ஒரு பிரஷ்ஷும் ஒரு நிமிஷமும் செலவழித்திருந்தால் கண்ணில் பட்டிருக்கும். அன்றைக்குச் செட்டுக்குள் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரைக் காப்பாற்றியது அந்த ஃபியூஸ்தான். கம்பி சுற்றியிருந்தால் செட்டும் ஆக்கர் கடைக்குத்தான் போயிருக்கும்.

இன்னொன்றையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். செலக்டரை 240-க்கு மாற்றினால் ஃபியூஸையும் மாற்ற வேண்டும். வோல்டேஜ் இரட்டிப்பானால் இழுக்கும் கரண்ட் பாதியாகும் என்பதால் 120-க்குப் போட்ட ஃபியூஸ் 240-க்கு அதிகம். பல செட்டுகளில் இரண்டு அளவும் ஃபியூஸ் பக்கத்திலேயே அச்சடித்திருக்கும்.

அப்புறம் தக்கலைப் பக்கம் ஒரு அண்ணாச்சி கிடைத்தார். வால்வு ரேடியோ காலத்திலிருந்து இதே வேலை. கடையை மூடிவிட்டு வீட்டுத் திண்ணையில் வைத்துப் பார்க்கிறார். "கரண்டு குடுக்கதுக்கு முந்தி கண்ணால பாரு மக்கா" என்று மூடியைக் கழற்றி, டார்ச் அடித்து வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். அதற்குப் பிறகுதான் சீரிஸ் போர்டை எடுத்தார். 100 வாட் குண்டு பல்ப் ஒன்று, செட்டுக்குப் போகும் லைனில் வரிசையாக. செட் நன்றாக இருந்தால் பல்ப் ஒரு நொடி பளிச்சென்று எரிந்து மங்கும். உள்ளே ஷார்ட் இருந்தால் மங்காமல் முழு வெளிச்சத்தில் நிற்கும். எல்.இ.டி. பல்ப் இதற்கு உதவாது. பழைய குண்டு பல்ப் எங்கேயாவது கண்ணில் பட்டால் வாங்கி வையுங்கள், இப்போது கடைகளில் கிடைப்பதே அபூர்வம்.

எங்கள் பல்ப் முழு வெளிச்சத்தில் நின்றது. ஏ.சி.யை டி.சி.யாக மாற்றும் பிரிட்ஜ் ரெக்டிஃபையரை மீட்டரில் வைத்தால் இரண்டு பக்கமும் பீப் அடிக்கிறது, அதாவது ஷார்ட். கடைக்காரர் கொடுத்த பரிசு. புதுசு எளிதில் கிடைத்தது, மாற்றியதும் பல்ப் மங்கியது. ஆனாலும் உடனே நேரடி லைனுக்குப் போகவில்லை. பல்ப் வழியாகவே கொஞ்ச நேரம் விட்டு, அணைத்து, மறுபடி விட்டு, மெதுவாகத்தான் ஏற்றினார். எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டருக்குள் அலுமினியத் தகட்டின் மேல் மெல்லிய ஆக்சைடு படலம் உண்டு. வருஷக்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தால் அது பலவீனமாகி லீக் ஆகும். குறைந்த கரண்டில் மெதுவாக ஏற்றினால் படலம் திரும்ப உருவாக வாய்ப்பு உண்டு. ஒரேயடியாக முழு வோல்டேஜ் கொடுத்தால் வெடிக்கவும் செய்யும்.

டி.சி.யைச் சீராக்கும் பெரிய ஃபில்டர் கெப்பாசிட்டரை மாற்றிவிடலாம் என்று நான் திருவனந்தபுரத்தில் 'சாலை' என்னும் கடைத்தெருவுக்குப் போனது தனி வேதனை. போனில் கேட்டபோது "63 வோல்ட் உண்டு" என்றவர்கள் நேரில் 50 வோல்ட்டை எடுத்து நீட்டினார்கள். பழையது 63 என்றால் புதியது 63-ஓ அதற்கு மேலோ இருக்க வேண்டும், குறையக் கூடாது. பஸ் காசு போனதுதான் மிச்சம். ஆன்லைனில் வரவழைத்தது அதைவிட மோசம். மேலே 10,000 மைக்ரோஃபாரட் என்று அச்சு, கையில் எடுத்தால் காலி டப்பா மாதிரி கனமே இல்லை, மீட்டரில் பாதிகூட காட்டவில்லை. கடைசியில் அண்ணாச்சி பழையதையே அளந்தார். அளவு சரி, ஹம் என்கிற இரைச்சலும் இல்லை. "நல்லா இருக்கத ஏன் கழத்தணும்?" என்று அப்படியே விட்டுவிட்டார்.

இதற்குப் பிறகும் ரிலே 'டிக்' அடிக்கவில்லை. ஸ்பீக்கரைக் காப்பாற்றும் ரிலே அது. அவுட்புட்டில் டி.சி. இருந்தால் இணைப்பே கொடுக்காது. ரிலேக்கு முன்னால் அளந்தோம். இடது சேனலில் 20 மில்லிவோல்ட் சொச்சம், வலதில் பல வோல்ட். டிரான்சிஸ்டர் போயிற்று என்றுதான் யாரும் நினைப்பார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். அண்ணாச்சி லென்ஸை வைத்துக்கொண்டு போர்டு மேல் இருந்த பசையைக் காட்டினார். பாகங்கள் ஆடாமல் இருக்க ஃபேக்டரியில் வைத்த பசை. புதிதில் வெளிர் மஞ்சள், வருஷம் போகப் போகச் சூட்டில் பழுப்பாகிக் கெட்டிப்படும். பழுத்த பசை ஈரத்தை இழுத்துக் கரண்டைக் கடத்தும், கம்பிக் கால்களையும் அரிக்கும். பல்குச்சியால் அதைச் சுரண்டியதும் உள்ளே ஒரு சின்ன டயோடின் கால் பச்சையாகப் பூத்து, தொட்டவுடன் உடைந்து விழுந்தது. பசையை முழுக்கச் சுரண்டி, ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, புது டயோடு வைத்தோம். வலது சேனலும் 30 மில்லிவோல்ட்டுக்குக் கீழே இறங்கியது. சில நொடிகள் கழித்து ரிலே 'டிக்' என்றபோது அண்ணாச்சி என் முதுகில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார்.

அதன் பிறகும் ஒரு சேனல் வந்து வந்து போனது. ரிலே காண்டாக்ட் கறுத்திருந்தது. காண்டாக்ட் கிளீனரில் நனைத்த வெள்ளைத் தாளை இடையில் வைத்து இழுத்தாலே போதும், உப்புத்தாள் போட்டால் பூச்சு போய்விடும். டெக்கிலிருந்து வரும் பாட்டுக்கு மாற்றும் டேப் மானிட்டர் சுவிட்சையும் பலமுறை அழுத்தி விடுங்கள். ஓடாமலே கிடந்தால் அதற்குள் களிம்பு பிடித்து, செட்டே செத்த மாதிரி தெரியும். வால்யூம் கரகரப்புக்குத் துருநீக்கி ஸ்பிரே அடிக்கச் சொல்வார்கள். வேண்டாம், எண்ணெய்ப் படலம் தங்கித் தூசியைப் பிடிக்கும். எலக்ட்ரானிக்ஸுக்கென்று இருக்கும் கிளீனர்தான் சரி.

மூடியைக் கழற்றும் எண்ணம் இருந்தால், பிளக்கை உருவிய பிறகும் ஃபில்டர் கெப்பாசிட்டரில் கரண்ட் நிற்கும் என்பதை மறக்காதீர்கள். ஸ்க்ரூடிரைவரால் பொறி பறக்கவிடுகிறவர்கள் உண்டு. 100 ஓம் 10 வாட் ரெசிஸ்டரைக் குறுக்கே பிடித்து, மீட்டரில் பூஜ்யம் பார்த்துவிட்டுக் கை வையுங்கள்.

இனி கேசட் டெக் இருக்கிறது. பெல்ட் உருகித் தார் போலப் புல்லியில் ஒட்டிக் கிடக்கிறது. ஸ்பீக்கரின் ஃபோம் விளிம்பு விரல் பட்டாலே உதிர்கிறது, அளவெடுத்துப் புது விளிம்புக்குச் சொல்லியிருக்கிறேன். அதுவரைக்கும் வேறு ஸ்பீக்கரில்தான் கேட்கிறோம். அத்தை வந்து கேட்டுவிட்டு, மாமாவின் கேசட் பெட்டியையும் கொடுத்தனுப்பியிருக்கிறார்.