பழைய மாடல் ரயில் பெட்டி வாங்கி விற்கும் ஊட்டி, குன்னூர் நண்பர்களுக்கு

மாடல் ரயில் அளவுகளான ஹெச்ஓ (நிஜ ரயிலில் 87-ல் ஒரு பங்கு), ஓஓ (76-ல் ஒரு பங்கு) இரண்டுமே 16.5 மி.மீ. இடைவெளியுள்ள தண்டவாளத்தில்தான் ஓடும். அதனால் தண்டவாளத்தில் வைத்துப் பார்த்து அளவை முடிவு செய்யாதீர்கள். ஆள் ஏறும் கதவை அளந்து பாருங்கள். ஆறடிக் கதவு ஹெச்ஓவில் (1:87) சுமார் 21 மி.மீ., ஓஓவில் (1:76) 24 மி.மீ. நம்ம மலை ரயில் மீட்டர் கேஜ் (தண்டவாள இடைவெளி ஒரு மீட்டர்) என்பதால், ஹெச்ஓ அளவில் அதற்கு 12 மி.மீ. தண்டவாளம் வேண்டும்.

வாங்குமுன் அடியிலுள்ள உலோக வார்ப்பை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். மெல்லிய வெடிப்போ உப்பலோ தெரிந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். ஈயம் கலந்துபோன பழைய துத்தநாக வார்ப்பை ஈரம் உள்ளுக்குள்ளேயே அரிக்கும். நம்ம ஊர் மூடுபனிக்குச் சொல்லவே வேண்டாம். பசை போட்டாலும் நிற்காது.

பெட்டி தடம் புரண்டால் முதலில் சக்கர இடைவெளியைப் பாருங்கள். ஓஓவில் இரு சக்கரங்களின் உட்பக்கங்களுக்கு நடுவே 14.5 மி.மீ. இருக்க வேண்டும். குறைந்தால் பாயின்ட்டில் (தடம் பிரியும் இடத்தில்) தட்டி ஏறும். அடுத்தது எடை: ஹெச்ஓவுக்கு 28 கிராம், கூடவே நீளத்தில் ஒவ்வோர் அங்குலத்துக்கும் 14 கிராம். ஆறங்குலப் பெட்டிக்கு 112 கிராம். குறைகிற எடையைத் தரையோடு ஒட்டித் தாழ்வாக வையுங்கள், மேலே வைத்தால் வளைவில் சாயும்.

சக்கரக் கறுப்புக்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சு போதும். பெட்டி எழுத்துகளில் பட்டால் அச்சு அழிந்துவிடும்.

விற்கும்போது கப்ளிங் (பெட்டிகளை இணைக்கும் கொக்கி), சக்கரம் மாற்றியிருந்தால் அதைச் சொல்லியே ஆகவேண்டும். அடிப்பாகத்தின் படமும் போடுங்கள். பார்சலில் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று கட்டாயம்.