சூப்பர்விஷனில் சொன்னது நடந்தது

இங்கிலாந்தில் ஒரு கேர் ஹோமில், அதாவது முதியோர் பராமரிப்பு இல்லத்தில், அவர்களைக் கவனித்துக்கொள்ளும் கேரராக இருக்கிறேன். நான் சேர்ந்த சமயத்தில்தான், இங்கே பராமரிப்பு இல்லங்களை ஆய்வு செய்து தரம் சொல்லும் சி.க்யூ.சி. அமைப்பின் ஆய்வில் எங்கள் இல்லத்துக்கு 'முன்னேற்றம் தேவை' என்று வந்திருந்தது. முக்கியக் குறை நிர்வாகத்தில். மேனேஜர் ஒவ்வொரு ஊழியருடனும் தனியாக உட்கார்ந்து பேசவேண்டிய சூப்பர்விஷன் மாதக்கணக்கில் நடக்கவே இல்லை. மனம் இருந்தால் செய்யலாம் என்று விடக்கூடிய காரியமில்லை இது. ஊழியர்களுக்குப் பயிற்சியும் மேற்பார்வையும் கிடைக்கவேண்டும் என்று இங்கே பராமரிப்புச் சேவைகளுக்கான 2014 விதிமுறைகளின் 18ஆவது விதியே சொல்கிறது.

புது மேனேஜர் வந்தார். காலையில் ஷிப்ட் மாறும்போது விவரம் சொல்லி ஒப்படைக்கும் ஹேண்ட்ஓவரில் எங்களோடு உட்கார்ந்தார். சொல்லாமல் கொள்ளாமல் இரவிலும் வந்து பார்த்தார். அப்புறம் என்னைச் சூப்பர்விஷனுக்குக் கூப்பிட்டார். நம் ஊரில் மேலதிகாரி தனியாகக் கூப்பிட்டால் மெமோதான் என்று பழகியவள் நான், கைகால் நடுங்கியது. அவர் கேட்டதோ, "உங்கள் மாடியில் யாரை நினைத்துக் கவலைப்படுகிறீர்கள்?"

படுக்கையில் இருக்கும் ஒரு அம்மாவைப் பற்றிச் சொன்னேன். படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்கவேண்டும்; அதற்கு இரண்டு பேர் வேண்டும். இரவில் மாடிக்கே நாங்கள் இரண்டு பேர்தான். அந்த நேரத்தில் வேறு அறையில் மணி அடித்தால் போக ஆளில்லை. எழுதிக்கொண்டார். யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள் என்பதையும் எழுதினார். அழைப்பு மணிப் பதிவுகளை எடுத்துப் பார்த்தார், ஒவ்வொருவருக்கும் எவ்வளவு உதவி தேவை என்று மறுபடி கணக்கிட்டார். அடுத்த சூப்பர்விஷனுக்குள் இரவில் மூன்றாவது ஆள் வந்துவிட்டார்.

விசாவில் வந்த நம்மவர்கள் பலர் வாயே திறப்பதில்லை. வேலை போனால் விசாவும் போகும் என்ற பயம் எனக்கும் புரிகிறது. ஆனாலும் சூப்பர்விஷனுக்குக் கவலையைத் தேதியோடு எழுதிக்கொண்டு போங்கள். அங்கே எழுதப்படும் குறிப்பை முழுக்கப் படித்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். ஒரு நகலும் கேட்டு வாங்குங்கள். உள்ளே யாரும் கேட்கவில்லையென்றால் சி.க்யூ.சி.யிடமே நேரடியாகச் சொல்லலாம், பெயர் சொல்லாமலும் சொல்லலாம்.

மறு ஆய்வுக்கு வந்தவர் என்னிடம் தனியாகக் கேட்டார்: கடைசிச் சூப்பர்விஷன் எப்போது, அதனால் என்ன மாறியது? மூன்றாவது ஆளைப் பற்றிச் சொன்னேன். இந்த முறை 'நன்று' கிடைத்தது. தற்காலிகமாக ஆள் அனுப்பும் ஏஜென்சியிலிருந்து ஒரு இரவுக்கு மட்டும் வருபவர்களுக்கு இன்னும் சரியான ஏற்பாடு இல்லை. யாரைத் தூக்கி மாற்ற ஹாய்ஸ்ட் கருவி வேண்டும், விழுங்கச் சிரமப்படும் யாருக்குக் கெட்டியாக்கிய பானம் தரவேண்டும் என்று மாடிக்கு ஒரு பக்கத்தில் எழுதித் தரவேண்டும் என்று போன சூப்பர்விஷனில் கேட்டிருக்கிறேன்.